எலியாகு முதல் எல்லீசன் வரை

எல்லிஸ் என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயரைத் தமிழில் எழுதும்போது கை தானாகவே லகரத்தை இரட்டிக்கிறது. நெல்லி, வல்லி, மல்லி என்று சொல்லிப் பழகிய நாவும் அந்த இரட்டை லகரத்தை அழுத்தியே ஒலிக்கிறது. ஆங்கிலேயருக்கு அந்த இரட்டிப்பு எழுத்தில் மட்டுமே உண்டு. முன்னிற்கும் எகரம் குறில் என்று காட்டுவதற்காக அவர்கள் பின்வரும் மெய்யை இரட்டித்து எழுதுகிறார்களே தவிர, ஒலிப்பில் அது ஒற்றை லகரந்தான். நாமோ எழுதியதையெல்லாம் ஒலிக்கிறவர்கள். ஆகவே அவர்கள் அடையாளமாக எழுதியதை நாம் ஒலியாகவே ஆக்கிக்கொண்டோம். எல்லிஸ் என்ற பெயருக்கு இப்படி நேர்ந்தது இது முதல் முறை அன்று. மேலை ஆசியாவில் பிறந்து, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு என்று கைமாறி, இங்கிலாந்தில் குடும்பப்பெயராக நிலைத்து, அங்கிருந்து கப்பலேறிச் சென்னை வரை வந்த இந்தச் சின்னஞ்சிறு சொல்லை வழியிலுள்ள ஒவ்வொரு மொழியும் தன் காதுக்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறது. அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைவிடச் சொல்லன்பர்களுக்கு இனிய வேலை வேறென்ன இருக்கிறது?

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தவை. இடம் தந்தவை சில. ஹில் என்றால் குன்று, உட் என்றால் காடு. தொழில் தந்தவை சில; ஸ்மித் கொல்லர், டெய்லர் தையற்காரர். நிறமோ உருவமோ குணமோ தந்தவை சில. எஞ்சியவை தகப்பன் பெயரைத் தாங்கியவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன; வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் எனச் சில பெயர்களையே ஊரெங்கும் சூட்டத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் நாலைந்து வில்லியம் இருந்தால் யார் மகன் வில்லியம் என்று கேட்டுத்தானே ஆகவேண்டும்? எல்லிஸ் அந்தக் கேள்விக்கு விடையாக வந்த பெயர். எல்லிஸ் என்பவரின் மகன், அவர் வழிவந்தவன் என்பதே குடும்பப்பெயரின் பொருள். ஆனால் அந்த மூத்த எல்லிஸுக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இங்கிலாந்தை விட்டு வெகுதூரம் போகவேண்டும்.

எபிரேய மொழியில் அதன் முழு வடிவம் எலியாகு. அதன் குறுகிய வடிவத்தை ஒட்டித் தமிழ் விவிலியம் எலியா என்று எழுதுகிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆகாபு மன்னன் ஆண்ட காலத்தில், அரசியின் ஆதரவோடு பரவிய பாகால் வழிபாட்டை எதிர்த்துக் கர்மேல் மலைமேல் நின்றவராக விவிலியம் சொல்லும் இறைவாக்கினர் அவர். பெயரைப் பிரித்தால் அந்தப் போராட்டமே உள்ளே இருக்கிறது. எல் என்பது தெய்வம். அதை அடுத்த இகரம் ‘என்னுடைய’ என்னும் பொருள் தரும் ஒட்டு. ஈற்றில் நிற்கும் யாகு, யாவே என்னும் இறைப்பெயரின் சுருக்கம். சேர்த்துப் படித்தால் ‘யாவேயே என் தெய்வம்’ என்றாகிறது. எழுவாயும் பெயர்ப்பயனிலையும் கொண்ட ஒரு முழு வாக்கியத்தையே பிள்ளைக்குப் பெயராக வைப்பது நமக்கு விந்தை. செமித்திய மொழிகளுக்கோ அது பெருவழக்கு. பாகாலைத் தொழுவோர் நடுவே அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் எல்லாரும், விரும்பியோ விரும்பாமலோ, அவர் கட்சியைத்தான் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த எல் என்னும் வேர் தமிழருக்குப் புதியதன்று. மிக்கேல், கபிரியேல், தானியேல் என்று நம் ஊர்க் கிறித்தவர் வைக்கும் பெயர்களின் வாலில் நிற்பது அதுவே. சாமுவேல், இம்மானுவேல் என்பவற்றில் முருகன் கையிலுள்ள வேல் தெரிகிறதே என்று குழந்தைகள் கேட்பதுண்டு. அங்கே வேல் இல்லை. முன்னே உகரம் நிற்க, பின்னே ஏல் என்று உயிர் வர, இரண்டையும் சேர்த்துவைக்க நம் இலக்கணம் அனுப்பிய உடம்படுமெய்யே அந்த வகரம். அக்காடிய மொழியின் இலு, அரபியின் இலாஹ் எல்லாம் இந்த எல்லுக்கு உடன்பிறந்தவை.

எபிரேயத்தை விட்டுக் கிரேக்கத்துக்குள் நுழையும் இடத்தில்தான் எல்லிஸ் என்ற பெயருக்கு அதன் கடைசி எழுத்து கிடைக்கிறது. ஆகவே இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஹகரத்தை எழுதக் கிரேக்கரிடம் எழுத்து இல்லை. எனவே யாகுவின் ஒலி தேய்ந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் ஈற்றில் நேர்ந்தது. கிரேக்கத்தில் ஆண்பாற் பெயர் எழுவாயாக நிற்கும்போது பெரும்பாலும் ஸகர ஈறு பெறும். சாக்ரடீஸ், பெரிக்ளீஸ், ஆண்ட்ரேயாஸ் எல்லாம் அப்படி வந்தவை. முருகு முருகன் ஆவதும் வேல் வேலன் ஆவதும் நமக்கு எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பு அவர்களுக்கு அது. எபிரேயப் பெயர் உயிரில் முடிந்து வெறுமையாய் நிற்பதை அவர்கள் காது ஏற்கவில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது ஏலியாஸ் ஆயிற்று. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த ஸகரம் எழுவாயில்தான் நிற்கும். வேற்றுமை ஏற்கும்போது உதிர்ந்துவிடும். ‘அவனை’ என்று இரண்டாம் வேற்றுமைப் பொருளில் சொல்ல நேர்ந்தால் ஏலியான் என்று னகரம் வந்து அமரும். அதாவது, எல்லிஸ் என்ற பெயரின் இறுதியில் இன்று நாம் கேட்கும் ஸகரம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கிரேக்க எழுவாய் உருபு. அதைத் தந்த இலக்கணம் இங்கிலாந்தில் கிடையாது. எழுத்து மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிரேக்கர் அத்தோடு விடவில்லை. அவர்கள் மொழியில் ஹேலியோஸ் என்றால் ஞாயிறு. முதலில் இரண்டு சொற்களையும் பிரித்துக்காட்டியது அந்த ஹகர ஒலிதான். காலப்போக்கில் கிரேக்கத்தில் ஹகரமே பேச்சிலிருந்து மறைந்தது, ஏகாரம் ஈகாரமாகத் திரிந்தது. இன்று ஒரு கிரேக்கர் சொல்லும்போது இறைவாக்கினர் இலியாஸ், ஞாயிறு இலியோஸ். இடையிலுள்ள வேறுபாடு ஓர் உயிரும் அசையழுத்தமும் மட்டுமே. எலியாவோ விவிலியத்தில் நெருப்புக் குதிரை பூட்டிய நெருப்புத் தேரில் வானேறியவர். பழைய கிரேக்கரின் கதிரவனும் குதிரை பூட்டிய தேரில் வானைக் கடப்பவன். பெயரும் ஒத்து, தேரும் ஒத்தபின் மக்கள் மனம் சும்மா இருக்குமா? கிரேக்க நாட்டில் மலையுச்சிகளிலெல்லாம் இந்த இறைவாக்கினருக்குச் சிறு கோயில்கள் இருப்பதும், தாய்கெட்டோஸ் மலைத்தொடரின் 2,407 மீட்டர் உயரச் சிகரமே அவர் பெயரால் அழைக்கப்படுவதும், பழைய கதிரவன் வழிபாட்டின் தொடர்ச்சி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சான்றுகள் அவ்வளவு தூரம் இழுக்க இடந்தரவில்லை. எலியா மழைக்கும் மலைக்கும் உரியவராக விவிலியத்திலேயே வருகிறார். அவருக்கு உச்சியில் கோயில் கட்ட ஹேலியோஸ் வேண்டியதில்லை. ஒலி ஒப்புமையை உறவு என்று கொள்ளும் ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த ஆசை நம்மையும் பிடிக்கப்போகிறது, பின்னால் வருகிறேன்.

கிரேக்கத்திலிருந்து பெயர் இரண்டாகக் கிளைத்தது. கிழக்கே போன கிளை பிற்காலக் கிரேக்கத்தின் ஈகார ஒலியை எடுத்துக்கொண்டு உருசியாவில் இலியா ஆயிற்று. அரபியில் அது இல்யாஸ். திருக்குர்ஆன் அப்பெயரைக் குறிக்கிறது. மேற்கே போன கிளை பழைய ஏகாரத்தைக் காத்துக்கொண்டு இலத்தீனில் எலியாஸ் என்று நின்றது. இந்த இரண்டு கிளைகளும் தமிழ்நாட்டில் வந்து சந்தித்திருப்பது எத்தனை பேர் கவனத்துக்கு வந்ததோ! குமரி மாவட்டத்துக் கிறித்தவர் வீட்டில் எலியாஸ் இருக்கிறார். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இலியாஸ் இருக்கிறார். இருவர் பெயருக்கும் தாய் ஒன்று. மூன்றாவதாக எல்லிஸ் வந்த வழி மட்டும் சுற்றுவழி.

மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத்தில் இப்பெயர் செல்வாக்குப் பெற்றது. சிலுவைப்போர்க் காலத்தில் கர்மேல் மலையில் தங்கிய துறவியர் எலியாவையே தங்கள் முன்னோடியாகக் கொண்டனர். 1240களில் அவர்கள் இங்கிலாந்துக்கும் வந்து கெண்ட் நாட்டு எயில்ஸ்ஃபர்டில் மடம் அமைத்தனர். ஆனால் பெயர் அவர்களுக்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. 1220இல் தொடங்கிய சாலிஸ்பரிப் பேராலயக் கட்டுமானத்தை மேற்பார்த்தவரும், 1215இல் மாக்னா கார்ட்டாவின் படிகளை எடுத்துச்சென்று வழங்கியவர்களில் ஒருவருமான குருவின் பெயர் எலியாஸ். டெரம் என்னும் ஊரைச் சேர்ந்தவர் ஆகையால் டெரம் எலியாஸ் என்று ஏடுகள் குறிக்கின்றன. ஏட்டில் எலியாஸ் என்று இலத்தீனில் எழுதியவர்கள் தெருவில் அப்படிக் கூப்பிடவில்லை. நடு அசையில் இருந்த அழுத்தம், ஆங்கிலக் குடும்பத்து மொழிகளின் வழக்கப்படி, முதலசைக்கு இடம்பெயர்ந்தது. அழுத்தம் இழந்த பின்னசைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கின. எலியாஸ் எலிஸ் ஆனது. பழைய பிரெஞ்சிலும் பெயர் முன்னரே இவ்வாறு தேய்ந்திருந்ததால் நார்மானியர் வாயிலும் அது அந்நியமாகப் படவில்லை. எலிஸ் என்பதையே பலவாறாக எழுதிப்பார்த்து, முடிவில் எகரம் குறில் எனக் காட்டும் இரட்டை லகரத்தோடு எல்லிஸ் என்று எழுத்து நிலைத்தது.

நம் இலக்கணிகள் வடசொல்லை வகைப்படுத்திய முறை இங்கே அப்படியே பொருந்துகிறது. எலியாஸ் தற்சமம், எல்லிஸ் தற்பவம். ஒன்று கற்றவர் கையால் எழுத்துக் குலையாமல் வந்தது. மற்றது மக்கள் வாயால் மென்று கரைந்து வந்தது. இரண்டும் ஒரே மொழியில் இன்றுவரை அருகருகே வாழ்கின்றன. ஒரு தற்சமம் இருப்பதால் தற்பவம் சாகவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஸகர ஈறு இங்கிலாந்தில் இன்னொரு மயக்கத்தைத் தந்தது. ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை உருபும் ஸகரந்தான். வில்லியம்ஸ் என்றால் வில்லியத்தின் மகன். ராபர்ட்ஸ் என்றால் ராபர்ட்டின் மகன். எல்லிஸையும் இந்த வரிசையில் நிறுத்தி, ‘எல்லி’ என்பவனின் மகன் என்று பிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த ஸகரம் உடைமை உருபன்று, பெயரோடு கிரேக்கத்திலிருந்தே வந்தது. உருபு இன்னும் சேராதது என்று உணர்ந்தவர்கள்தான் ‘மகன்’ என்னும் பொருளுள்ள சன் ஈற்றைக் கூட்டி எல்லிசன் என்று இன்னொரு குடும்பப்பெயரைச் செய்துகொண்டார்கள். அந்த எல்லிசனும், பின்னால் வரப்போகும் நம் கல்வெட்டு எல்லீசனும் எழுத்தில் ஒரு மாத்திரையே வேறுபடுகின்றன. ஆனால் முன்னதன் அன் மகனைக் குறிக்கும் சொல்லின் எச்சம், பின்னதன் அன் தமிழின் ஆண்பால் விகுதி. உருவம் ஒன்றாகி உறவு வேறாவதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

செல்லமாக அழைக்கும் ஈறுகளும் பல சேர்ந்தன. ஆட் என்னும் பிரெஞ்சு ஈறு சேர்ந்து எலியட்; கின் சேர்ந்து எல்கின், அதன் வழி எல்கின்ஸ்; காக் சேர்ந்து எல்காக். சாமர்செட்டில் ஈஸ்ட் கோக்கர் என்னும் சிற்றூரில் இருந்த எலியட் குடும்பம் ஒன்று 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது; கவிஞர் டி. எஸ். எலியட் அந்த வழியில் வந்தவர். ஆனால் எலியட் என்று கண்டவுடன் எலியாவின் பேரன் என்று முடிவுகட்டக் கூடாது. இசுக்கொட்லாந்து எல்லைப் புறத்து எலியட் குலத்தார் பழைய ஏடுகளில் எல்வால்ட் என்று வருகிறார்கள். அது எல்ஃப் என்னும் வன அணங்கையும் ஆட்சியையும் குறிக்கும் பழைய ஆங்கிலப் பெயரின் திரிபு. எபிரேயத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பின்னாளில் எலியட் என்னும் புகழ்பெற்ற உருவத்தோடு அது போய்க் கலந்துகொண்டது. லகரம் ஒன்றா இரண்டா, டகரம் ஒன்றா இரண்டா என்பதைக் கொண்டு எந்தக் கிளை எந்த ஊர் என்று சொல்ல அவர்களிடம் ஒரு செய்யுளே உண்டு. எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

வேல்சு நாட்டில் கதை இன்னும் சுவையானது. அங்கே எலிசெத் என்ற பழம்பெயர் தனியாக இருந்தது. ஈகையும் இரக்கமும் குறிக்கும் எலுஸ் என்னும் வேல்சுச் சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பர். லாங்கொலன் அருகே, வாலி குருசிஸ் மடத்தை ஒட்டிய மேட்டில் ஒரு கல்தூண் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கிங்கன் என்னும் மன்னன் தன் கொள்ளுப்பாட்டனாகிய எலிசெத்தைப் போற்றி இலத்தீன் கல்வெட்டோடு நிறுத்தியது. 1696இல் எட்வர்ட் லூயிட் என்னும் அறிஞர் அதைப் படியெடுத்தார். எழுத்துகள் இன்று அடியோடு தேய்ந்துபோயின. படி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் பெயரின் ஈற்றெழுத்து தகர ஒலிக்குப் பதில் ககர ஒலியாக விழுந்திருக்கிறது. அந்த ஓரெழுத்துப் பிழையால் அத்தூண் உலகெங்கும் எலிசெக் தூண் என்றே பெயர்பெற்றுவிட்டது. ஒரு கல்வெட்டில் ஒற்றை எழுத்தைத் தவறவிட்டால் ஆயிரமாண்டுக்குப் பிறகும் ஒரு மன்னன் பெயர் மாறி நிற்கும் என்பதைக் கல்வெட்டுப் படிக்கும் நம்மவர் எல்லாரும் நினைவிற் கொள்ளவேண்டும். லூயிட் சாதாரணர் அல்லர். வேல்சு, ஐரிசு, பிரெத்தோனிய மொழிகளை ஒப்பிட்டு 1707இலேயே பெருநூல் எழுதியவர். அவர் அன்று படியெடுத்திராவிட்டால் இன்று நம்மிடம் பிழைகூட மிஞ்சியிராது.

காலப்போக்கில் எலிசெத் என்ற வேல்சுப் பெயர், இங்கிலாந்திலிருந்து வந்த எலிஸுக்குள் கரைந்தது. வேல்சு மக்கள் நம்மைப் போலவே நெடுங்காலம் குடும்பப்பெயர் இல்லாமல் தந்தை பெயரால் அறியப்பட்டவர்கள். மகன் என்பதற்கு ஆப் என்பார்கள். வருமொழி முதலில் உயிர் வந்தால் அதன் பகரம் மெலிந்து நம் ‘அன்பு’ என்பதிலுள்ள பகரம்போல ஒலிக்கும். 1536இல் வேல்சு இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்ட பிறகு ஆங்கில முறையில் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் பரவியது. அப்போது முன்னிருந்த அகரம் தேய, எஞ்சிய பகரம் வருமொழி உயிரோடு புணர்ந்து, ஆப் எலிஸ் பெல்லிஸ் ஆயிற்று. ஆப் ஓவன் போவன், ஆப் ரீஸ் பிரைஸ், ஆப் ஹவெல் பவெல் எல்லாம் இதே புணர்ச்சியில் பிறந்தவை. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது எங்கே நடந்தாலும் பார்க்க இனிது.

1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். வாயில் இருந்த பெயர் ஏட்டில் ஏறியதும் அதன் வளர்ச்சி நின்றது. அதன்பின் எல்லிஸ் என்பது தகப்பன் பெயர் என்ற நினைவே யாருக்கும் இல்லை; அது வெறும் குடிப்பெயர், கைமாற்றித் தரத்தக்க சொத்து. சொத்து என்பது வெறும் உவமை அன்று. 1814இல் பிறந்த அலெக்சாந்தர் ஜான் ஷார்ப் என்னும் சிறுவனுக்குத் தாய்வழி உறவினர் ஒருவர் செல்வம் அளித்தார். எல்லிஸ் என்ற பெயரை ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1825இல் அரச இசைவோடு பெயர் மாறியது. கூர்மை என்று பொருள்படும் ஷார்ப்பை விட்டு எபிரேய இறைவாக்கினர் பெயரை ஏற்ற அந்தச் சிறுவன், வளர்ந்து ஒலியையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். ஆங்கில ஒலிப்பின் வரலாற்றை ஐந்து பகுதிகளாக 1869 முதல் 1889 வரை எழுதினார். இசையில் ஓர் எண்சுவரத்தை 1,200 நுண்கூறுகளாகப் பகுத்து, சென்ட் என்னும் அலகால் எந்நாட்டு இசையின் சுருதி இடைவெளியையும் அளக்கும் முறையைத் தந்தவரும் அவரே. நம் கருநாடக இசையின் சுருதிகளை ஆய்வோர் இன்றும் அந்த அலகைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குடும்பப்பெயரையே பிள்ளைக்கு முதற்பெயராக வைப்பது ஆங்கிலேயரிடம் பழைய வழக்கம். தாய்வீட்டுப் பெயர் மறையாமலிருக்கப் பெரும்பாலும் அப்படிச் செய்வார்கள். எல்லிஸும் இப்படி மறுபடி ஆள்பெயர் ஆயிற்று. ஆனால் ஆணா பெண்ணா என்று எளிதில் சொல்லிவிட முடியாத பெயர். 1846இல் பிராண்டி சகோதரியர் மூவர் தங்கள் கவிதைகளை வெளியிட்டபோது, பெண் எழுத்து என்று தெரிந்தால் வேறு தராசில் நிறுப்பார்கள் என்று அஞ்சிப் புனைபெயர் தேடினார்கள். அப்பட்டமான ஆண் பெயரைச் சூடிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை என்று மூத்தவர் சார்லட் பின்னர் எழுதினார். எமிலி எடுத்துக்கொண்ட பெயர் எல்லிஸ் பெல். உதரிங் ஹைட்ஸ் 1847இல் அந்தப் பெயரில்தான் வெளிவந்தது. எமிலியின் உண்மைக் குடும்பப்பெயரும் பழையதன்று. அயர்லாந்தில் பிரன்டி என்றிருந்ததை அவர் தந்தை கேம்பிரிட்சுக்குப் போனபோது பிராண்டி என்று மாற்றிக்கொண்டார். தமிழ் வாசகர்களுக்கு இன்னும் அருகில் உள்ளவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909இல் அமெரிக்காவின் ஒகாயோவில் பிறந்து, எம்.ஜி.ஆர். முதலில் நடித்த ‘சதி லீலாவதி’யை 1936இலும், எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வை 1945இலும், ‘மந்திரி குமாரி’யை 1950இலும் இயக்கியவர். அவருக்கு எல்லிஸ் முதற்பெயர்.

அமெரிக்கா என்றதும் நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவு நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு உரியவராக இருந்த சாமுவேல் எல்லிஸ் என்னும் வணிகரால் வந்த பெயர் அது. அவர் பெயரின் முன்பாதியிலும் பின்பாதியிலும் எல் என்னும் ஒரே எபிரேய வேர் இருப்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1892 முதல் 1954 வரை அங்கே இயங்கிய குடியேற்ற நிலையம் வழியாக ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த எழுத்தர்கள் வந்தவர்களின் குடும்பப்பெயரை மனம்போல மாற்றி எழுதினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது, அது உண்மையன்று. எழுத்தர் வைத்திருந்தது புறப்பட்ட துறையிலேயே எழுதப்பட்ட கப்பல் பட்டியல். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் வேலை. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் பெயருக்குரியவர்களே, பிறகு, தாமாகவே.

இனி நம்மூர். பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1777இல் பிறந்தவர். 1796இல் கும்பினி ஊழியராகச் சென்னைக்கு வந்து, 1810இல் சென்னைக் கலெக்டர் ஆனவர். 1812இல் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரிக்கு உயிர்நாடியாக இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரைகண்டவர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அவர் 27 கிணறுகள் வெட்டுவித்தார் என்பர். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் உள்ள கிணற்றருகே 1818இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டில் நீரும் மலையும் நாட்டுக்கு உறுப்பு என்னும் 737ஆம் குறளை எடுத்தாண்டிருக்கிறார். அந்தச் செய்யுட் கல்வெட்டில் அவர் தம்மைக் குறிக்கும் பெயர் எல்லீசன்.

இந்தப் பெயரைக் கேட்ட தமிழ்க் காது உடனே இரண்டாகப் பிரிக்கும்: எல் என்றால் ஒளி, பகல், கதிரவன், தொல்காப்பிய இடையியலே அதற்கு விளக்கம் என்னும் பொருள் சொல்கிறது, எற்பாடு என்னும் பொழுதின் பெயரில் ஞாயிறு சாய்வது இந்த எல்தான். ஈசன் என்றால் இறைவன். ஒளியின் இறைவன்! அங்கே எபிரேயத்தில் எல் தெய்வம். இங்கே தமிழில் எல் கதிர். நடுவே கிரேக்கர் அதே பெயரில் கதிரவனைக் கண்டார்கள். மூன்றையும் முடிச்சுப்போட்டு, எல்லாம் ஒரு வேர் என்று மேடையில் முழங்குவது எளிது. தமிழின் பழமையை நேசிக்கிறவர்களுக்கே அந்த ஆசை மிகுதி. நேசிக்கிறவர்களே அதை அடக்கவும் வேண்டும். எபிரேய எல் செமித்தியக் குடும்பம் முழுதும் தெய்வப் பொருளில் ஓடும் வேர். தமிழ் எல் இலங்கு, இலகு என்பவற்றோடு வைத்துப் பார்க்கவேண்டிய ஒளி வேர். ஹேலியோஸ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது, வடமொழிச் சூரியனுக்குத் தூரத்து உறவு. மூன்று குடும்பம், மூன்று வேர். நம் மொழியிலேயே எல் பகலாக, எல்லி இரவைக் குறிக்கிறது. ஒலி நெருங்கினால் பொருள் நெருங்கும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே இருக்கிறது?

இதை நமக்குக் கற்றுத்தந்தவர்களில் முன்னோடி அந்த எல்லிஸே என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என்று எல்லாரும் நம்பிய காலத்தில், கேம்பெல் எழுதி 1816இல் வெளிவந்த தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். ஒத்து ஒலிக்கும் நாலு சொற்களைப் பொறுக்கிக் காட்டவில்லை. வேர்களை எடுத்துத் தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று நிரலாக நிறுத்தி, சொல்லாக்கமும் தொடரமைப்பும் ஒத்து வருவதைக் காட்டி, இம்மொழிகள் தனிக்குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல், நாற்பது ஆண்டு கழித்து. எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் நஞ்சுண்ட விபத்தில் இறந்தார். தாள்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிக் காத்தவர்களில் ஒருவர், அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்த சர் வால்டர் எலியட். எல்லிஸ், எலியட் என்று இரண்டு பெயரும் ஏட்டில் அண்ணன் தம்பிபோல் நிற்கின்றன. ஆனால் வால்டர் எலியட் இசுக்கொட்லாந்து எல்லைப்புறத்து வுல்ஃபெலி குடும்பத்தவர். அவர் எலியட் பழைய எல்வால்டின் வழி வந்தது.

எல்லீசன் என்பதில் இகரம் நீண்டதற்கு ஈசனே காரணம் என்றும் துணிந்து சொல்ல முடியாது. ஆங்கிலத்தின் ஈற்றயல் இகரத்தை நாம் இங்கிலீசு என்று நீட்டித்தான் வழங்கினோம். எல்லீஸ் துரை என்பதும் அந்த வழக்கில் அடங்கும். காதின் பழக்கமும் ஈசன் மேலுள்ள பற்றும் ஒரே திசையில் இழுத்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஈற்றைப் பற்றியே. உயிர்களுக்கு நடுவே நிற்கும் தமிழ்ச் சகரம் வேற்றெழுத்து இல்லாமலே அந்த ஸகர ஒலியைத் தந்துவிடுகிறது. அதன்மேல் அன் என்னும் நம் ஆண்பால் விகுதி ஏறி நிற்கிறது. கிரேக்கன் தந்த ஆண்பால் ஈறு கீழே, தமிழன் தந்த ஆண்பால் ஈறு மேலே. கிரேக்கத்தில் வேற்றுமை ஏற்றவுடன் உதிர்ந்துபோன அந்த எழுத்து, தமிழில் எல்லீசனை, எல்லீசனால், எல்லீசனுக்கு, எல்லீசன்கண் என எட்டு வேற்றுமையிலும் அசையாமல் இருக்கிறது. கல்வெட்டு இப்போது மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயர் வரும் வரியைத் தேடி, அந்தச் சகரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.